பெயர்ப் பட்டியல் இல்லாத தொகுதியைத் தேடி: ஒட்டாகோ பயணம்

முதல் நாள்: டனீடின்

மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஏப்ரல் மாதம், ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கும், நியூசிலாந்தின் இந்தத் தென்கோடியில் மரமெல்லாம் மஞ்சளாகி இலை கொட்டிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஐந்து நாள் விடுமுறை கிடைத்தது. "எங்கே போகலாம், சொல்லுங்க அத்தை" என்றார். ஏரி, பனிமலை, படகு என்று பேத்தி ஏற்கனவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நான், 1870-ல் இல்லாமல் போன ஒரு தேர்தல் தொகுதியைப் பார்க்க வேண்டும் என்றேன். "இல்லாததை எப்படி ஆச்சி பார்ப்பீங்க?" என்று அவள் கேட்டது நியாயமான கேள்விதான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளியில் வரலாறு எடுத்தவள் நான். தேர்தல் வந்தால் பூத் வேலை தப்பாது. ஆறு தேர்தலில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் அலுவலர் வாக்காளரின் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாக வாசிப்பார், ஏஜெண்டுகள் தங்கள் தாளில் தேடி அடிப்பார்கள், அப்புறம்தான் மை, அப்புறம்தான் ஓட்டு. எல்லாமே அந்தப் பட்டியலைச் சுற்றித்தான் நடக்கும். பட்டியலில் பெயர் இல்லையென்று திரும்பிப் போன வயதான அம்மாக்களின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அப்படிப்பட்ட என்னிடம் போன வாரம் இங்கே ஓர் அருங்காட்சியகத்தில் மாப்பிள்ளை ஒரு செய்தியைக் காட்டினார். 1860-களில் இந்த ஒட்டாகோ மாகாணத்தில் தங்கம் தோண்டுகிறவர்களுக்கென்று ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்ததாம், அதற்கு வாக்காளர் பட்டியலே கிடையாதாம். பட்டியல் இல்லாமல் ஒரு தேர்தலா? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்துக்கு 1852-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஓர் அரசியல் சட்டம் கொடுத்தது. 1853-ல் முதல் தேர்தல், 24 தொகுதி, 37 உறுப்பினர். ஓட்டுப் போட 21 வயது நிரம்பிய ஆணாக, பிரிட்டிஷ் பிரஜையாக இருக்க வேண்டும், அதோடு சொத்தும் வேண்டும். 50 பவுண்டு மதிப்புள்ள சொந்த நிலம், அல்லது ஆண்டுக்கு 10 பவுண்டு குத்தகை, அல்லது நகரத்தில் 10 பவுண்டு, கிராமத்தில் 5 பவுண்டு வாடகை பெறும் வீட்டில் குடியிருப்பு. நம்மூர்க் காலனி காலத்துத் தேர்தல்களைப் பாடம் நடத்தியவர்களுக்கு இது புதிதில்லை, நிலவரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு என்ற அதே எண்ணம்தான்.

டனீடின் 1848-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்து இறங்கிய ஊர். ஆட்டுப் பண்ணையும் தேவாலயமுமாக அமைதியாகக் கிடந்த இடம். ஒரு கூடாரம், ஒரு மண்வெட்டி, ஒரு தகரத் தட்டோடு ஆயிரக்கணக்கான ஆண்கள் வந்து குவிந்தால் அந்தச் சொத்துச் சட்டம் என்ன செய்யும்? நாளைக்கு அங்கேதான் போகிறோம்.

இரண்டாம் நாள்: கிளெனோர், லாரன்ஸ்

காலையில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். தெற்கே மில்டன் என்ற சின்ன ஊர், அங்கிருந்து மேற்கே திரும்பினால் கிளெனோர். பெரும்பாலான பயணிகள் நிற்காமல் போய்விடும் இடம். நான் நிற்கச் சொன்னதற்குக் காரணம் எட்வர்ட் பீட்டர்ஸ்.

பம்பாய்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். 1853-ல் ஒரு கப்பலில் சமையல்காரராக இங்கே வந்து, கப்பலை விட்டு ஓடிப்போய்ப் பண்ணைகளில் கூலிவேலை பார்த்தவர். வெள்ளைக்காரர்கள் அவரைக் 'கறுப்பு பீட்டர்' என்றே கூப்பிட்டார்கள். 1850-களின் கடைசியிலேயே துவாபெக்கா ஆற்றுப் பக்கம் தங்கப் பொடி சலித்தவர் இவர். 1861 மே மாதம் கேப்ரியல் ரீட் அந்தப் பள்ளத்தாக்கில் தங்கத்தைக் கண்டுபிடித்தது, முன்னமே இங்கே ஓர் இந்தியர் தங்கம் எடுத்த பேச்சு காதில் விழுந்த பிறகுதான். ரீடுக்கு மாகாண அரசு ஆயிரம் பவுண்டு கொடுத்தது, பள்ளத்தாக்குக்கும் அவர் பெயரே நிலைத்தது. பீட்டர்ஸுக்கு அன்றைக்கு ஒன்றுமில்லை. 1885-ல், ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, ஊர்மக்கள் 50 பவுண்டு திரட்டினால் அரசு 50 பவுண்டு தரும் என்று முடிவானது, அப்படித்தான் அவருக்குக் கொஞ்சம் பணம் கிடைத்தது. 1893-ல் டனீடினில் ஆதரவற்றோருக்கான இல்லத்தில் இறந்தார்.

கிளெனோரில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 2009-ல் அதைத் திறந்து வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ஆனந்த் சத்யானந்த், ஃபிஜி இந்தியக் குடும்பத்தில் வந்தவர். மகள் கையில் இருந்த சாமந்திப் பூவை நான் வாங்கிக் கல்லின் மேல் வைத்தேன். பூவை எதற்கு வாங்கி வந்தோம் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பேத்தி அப்புறம் கேட்கவில்லை.

அங்கிருந்து லாரன்ஸ். ஒரே ஒரு பெரிய தெரு, பழைய வங்கிக் கட்டடங்கள், தேவாலயக் கோபுரங்கள். கேப்ரியல் பள்ளத்தாக்கு ஊருக்குச் சற்றுத் தள்ளி. இப்போது பச்சைப் புல்லும் மரமுமாக, ஆடு மேய்கிற இடமாக இருக்கிறது. மலையின் ஒரு பக்கம் மட்டும் வெட்டிக் குடைந்த தழும்பாக நிற்கிறது. நமக்குத் தங்க வயல் என்றாலே கோலார்தான், ஆயிரக்கணக்கான அடி ஆழம், லிஃப்ட், இருட்டு. இங்கே அப்படியில்லை. ஆற்றங்கரைச் சரளையை மண்வெட்டியால் அள்ளித் தட்டில் போட்டு அலசினால் போதும், யாரும் செய்யலாம். இருண்ட பனியிரவில் ஓரியன் விண்மீன்களைப் போலத் தங்கம் மின்னியது என்று ரீட் எழுதியிருக்கிறார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் துவாபெக்காவிலும் வைபோரியிலும் சேர்த்து 14,000 பேர் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா தங்க வயல்களிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள்.

இந்த விக்டோரியாதான் கதையின் திருப்பம். அங்கே முதலில் மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம், போலீஸ் கெடுபிடி, ஓட்டு கிடையாது. 1854 டிசம்பரில் பல்லாரட் என்ற ஊரில் யூரிக்கா என்ற இடத்தில் தோண்டுகிறவர்கள் தடுப்பு கட்டி எதிர்த்து நின்றார்கள், பட்டாளம் சுட்டது, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த ஆண்டே அந்த அரசு இறங்கி வந்தது. மாதக் கட்டணம் போய், ஆண்டுக்கு ஒரு பவுண்டுக்கு ஓர் உரிமைச் சீட்டு. அந்தச் சீட்டு வைத்திருப்பவன் தோண்டலாம், ஓட்டும் போடலாம்.

யூரிக்கா நடந்த நாட்டிலிருந்து அதே ஆட்கள் ஒட்டாகோவில் வந்து இறங்குகிறார்கள் என்றால் இங்கே இருந்தவர்களுக்குக் கவலை வராமலா இருக்கும்? அவர்கள் வருவதற்கு முன்பே, 1860-லேயே நியூசிலாந்து பாராளுமன்றம் உரிமைச் சீட்டுக்காரர்களுக்கு ஓட்டு உண்டு என்று சட்டம் போட்டது. அதில் பயமும் இருந்தது, நியாயமும் இருந்தது. வெளியே போகும் ஒவ்வொரு அவுன்ஸ் தங்கத்துக்கும் இரண்டரை ஷில்லிங் ஏற்றுமதி வரி. அந்த வரியில்தான் மாகாணம் கொழித்தது. வரி வேண்டும், வரி கொடுப்பவன் வாய் திறக்கக் கூடாது என்பது எத்தனை நாளைக்கு நடக்கும்?

இங்கே ஒரு சின்ன அருங்காட்சியகம். பழுத்துப் போன உரிமைச் சீட்டு ஒன்றைக் கண்ணாடிக்குள் பார்த்தேன். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, மடித்து மடித்து நடுவில் கோடு விழுந்திருக்கிறது. சட்டைப் பையில் எத்தனை மழையில் நனைந்ததோ. இதுதான் அவனுடைய வாக்காளர் அட்டை. நிலம் இல்லை, வீடு இல்லை, மனைவி மக்கள் எங்கோ அயர்லாந்திலோ கார்ன்வாலிலோ. இந்த ஒரு தாளைத் தேர்தல் அதிகாரியிடம் நீட்டினால் போதும், ஓட்டுப் போடலாம். தோண்டுகிறவன் இன்றைக்கு ஒரு பள்ளத்தாக்கு, அடுத்த மாதம் வேறொரு பள்ளத்தாக்கு. அவனை எந்த முகவரியில் பட்டியல் எடுப்பது? அதனால்தான் பட்டியலே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பூத்தில் உட்கார்ந்தவள் என்ற முறையில் எனக்கு இதில் ஆயிரம் சந்தேகம் வருகிறது, ஒருவனே இரண்டு இடத்தில் போட்டால் என்ன, அடுத்தவன் சீட்டைக் கொண்டுவந்தால் என்ன என்று. ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்தபோது, ஆளைப் பட்டியலுக்காகத் திருப்பி அனுப்பாமல், பட்டியலை ஆளுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து மனசு நெகிழ்ந்துவிட்டது.

மூன்றாம் நாள்: ராக்ஸ்பரோ, அலெக்சாண்ட்ரா, கிளைடு

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் அக்கா போன் செய்தாள். "அவ்வளவு நல்லவங்களா இருந்தா எதுக்குத் தனித் தொகுதி? பக்கத்துத் தொகுதியிலேயே ஓட்டுப் போட விட்டிருக்கலாமே?" சரியான கேள்வி. இன்றைக்கு வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

குளூத்தா ஆற்றை ஒட்டியே சாலை. பழத்தோட்டங்கள் முடிந்து பாறையும் காய்ந்த புல்லுமாக நிலம் மாறிவிட்டது. அலெக்சாண்ட்ராவில் ஆண்டுக்கு 350 மில்லிமீட்டர் மழைகூடத் தேறாதாம். எனக்கு விளாத்திகுளம் பக்கம் போகிற மாதிரியே இருந்தது, குளிர் ஒன்றுதான் வேறு. மலைச்சரிவெல்லாம் காட்டு ஓமம் மாதிரி ஒரு செடி, தைம் என்கிறார்கள், தங்கம் தோண்டிய காலத்தில் வந்து இறங்கி இப்போது மலையையே பிடித்துக்கொண்டது. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் ஓமத்தண்ணீர் வாசனை.

1862 ஆகஸ்டில் ஹார்ட்லி, ரெய்லி என்ற இருவர் இந்த ஆற்றின் குறுகிய பள்ளத்திலிருந்து 87 பவுண்டு எடைத் தங்கத்தை டனீடினுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தார்கள். நம் கணக்கில் பல ஆயிரம் பவுன். அதன் பிறகு நடந்ததைக் கேட்க வேண்டுமா, லாரன்ஸ் காலியாகி எல்லோரும் இங்கே ஓடிவந்தார்கள்.

அதே 1862 நடுவில் பாராளுமன்றம் வெலிங்டனில் கூடுகிறது. அப்போது தலைநகர் ஆக்லாந்து. அமைச்சர்களையும் அரசுப் பதிவேடுகளையும் ஏற்றிக்கொண்டு வெலிங்டனுக்கு வந்த ஒயிட் ஸ்வான் என்ற கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. ஆட்கள் பிழைத்தார்கள், காகிதங்கள் கடலோடு போயின. அந்தக் கூட்டத்தொடரில் வந்த பிரதிநிதித்துவச் சட்டம்தான் தங்க வயல் தொகுதியை உண்டாக்கியது. அதன்படி சபையில் மொத்தம் 57 பேர், தங்க வயலுக்கு இரண்டு பேர்.

அக்கா கேட்டதற்கு விடை இந்த இரண்டு என்ற எண்ணில் இருக்கிறது. ஒட்டாகோவில் அன்றைக்கு வளர்ந்த ஆண்களில் மிகப் பெரிய பங்கு தோண்டுகிறவர்கள். அவர்களை அந்தந்த ஊர்த் தொகுதியில் சேர்த்திருந்தால் ஆட்டுப் பண்ணைக்காரர்களும் பழைய குடியேறிகளும் ஒவ்வொரு தொகுதியிலும் அமுங்கிப் போயிருப்பார்கள். அதனால் என்ன செய்தார்கள் என்றால், ஏற்கனவே இருந்த தொகுதிகளின் மேலேயே இன்னொரு தொகுதியைப் போர்வை மாதிரி விரித்தார்கள். ஒரே நிலம், இரண்டு தொகுதி. நிலம் வைத்திருப்பவன் கீழே இருக்கிற தொகுதியில் ஓட்டுப் போடுவான், சீட்டு வைத்திருப்பவன் மேலே விரித்ததில் போடுவான். ஓட்டும் கொடுத்தாயிற்று, அந்த ஓட்டு மற்ற இடங்களை அசைக்காமலும் பார்த்துக்கொண்டாயிற்று. நேற்று நான் நெகிழ்ந்தது பொய்யில்லை, ஆனால் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதல் தேர்தல் 1863-ல். ஜார்ஜ் பிராடி, வில்லியம் பால்ட்வின் இருவரும் உறுப்பினர்கள் ஆனார்கள். அப்போது ரகசிய வாக்கெடுப்பு கிடையாது, அது 1870-ல்தான் சட்டமானது. மேடை போட்டு வேட்பாளர் பெயரை முன்மொழிவார்கள், கூட்டம் கை தூக்கும், அதை ஏற்காமல் யாராவது ஓட்டெடுப்புக் கேட்டால் இன்னொரு நாளில் நடக்கும். தேர்தல் அதிகாரி முன்னால் நின்று யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சுற்றி நிற்கிற கூட்டத்தின் காதில் விழத்தான் செய்யும்.

பிறகு இன்னொன்றும் வந்தது. கிளைடு, அலெக்சாண்ட்ரா, குரோம்வெல், ஆரோடவுன், குயின்ஸ்டவுன், லாரன்ஸ் போல அங்கங்கே சிதறிக் கிடந்த ஊர்களை மட்டும் கோர்த்து 'தங்க வயல் நகரங்கள்' என்று தனியாக ஒரு தொகுதி. வரைபடத்தில் ஒன்றை ஒன்று தொடாத புள்ளிகள். ஒரு வேட்பாளர் இந்த எல்லா ஊருக்கும் போக வேண்டுமென்றால், இன்றைக்குக் காரில் வந்த எங்களுக்கே இடுப்பு விட்டுப் போயிற்று, அவர்கள் குதிரையில், ஜூலைப் பனியில்.

இரவு கிளைடில் தங்கல். கல்லால் கட்டின பழைய வீடுகள், தெருவே சத்தமில்லாமல் இருக்கிறது. ஊர்ப்பெயரின் காரணத்தைத் தேடியபோது எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. லாரன்ஸ் என்பது ஹென்றி லாரன்ஸ், 1857 கிளர்ச்சியில் லக்னோ முற்றுகையின்போது செத்த ஆங்கிலேய அதிகாரி. கிளைடு என்பது லார்டு கிளைடு, அதே லக்னோவை மீட்கப் படை நடத்தின காலின் கேம்ப்பெல். எத்தனை ஆண்டு இந்த இரண்டு பெயரையும் பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருப்பேன். நேற்றுச் சாப்பிட்ட ஊர் ஒருவர், இன்றைக்குத் தூங்குகிற ஊர் இன்னொருவர்.

நான்காம் நாள்: குரோம்வெல்

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. காலையில் கண்ணாடியெல்லாம் உறைபனி, கிளம்பவே பத்து மணியாகிவிட்டது. கிளைடு அணையைக் கட்டி 1992, 93-ல் தண்ணீர் நிரப்பியபோது பழைய குரோம்வெல்லின் கடைத்தெரு மூழ்கிவிட்டது. சில கட்டடங்களை மட்டும் பிரித்துக் கொண்டுவந்து கரையில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஏரி நீலமாக அழகாகத்தான் இருக்கிறது. அதன் அடியில் ஒரு வாக்குச்சாவடியும் கிடக்கும் என்று பேத்தியிடம் சொன்னேன், ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொகுதியின் பிற்பாதியைச் சொல்லிவிடுகிறேன். 1865 வாக்கில் தென்தீவின் மேற்குக் கரையில் தங்கம் கிடைத்தது என்றதும் தோண்டுகிறவர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போய்விட்டார்கள். தொகுதி இருக்கிறது, வாக்காளர்கள் மலைக்கு அந்தப் பக்கம். 1866-ல் இங்கே வந்த உறுப்பினர்கள் இருவருமே குறிப்பிடத் தகுந்தவர்கள். ஒருவர் ஜூலியஸ் வோகல். லண்டனில் பிறந்த யூதர், 1861-ல் டனீடினுக்கு வந்து அதே ஆண்டு நவம்பரில் நாட்டின் முதல் நாளிதழான ஒட்டாகோ டெய்லி டைம்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1870 ஜூனில், நிதியமைச்சராக, பத்தாண்டில் ஒரு கோடி பவுண்டு கடன் வாங்கி ரயிலும் சாலையும் போட்டு, ஆட்களைக் குடியேற்றலாம் என்ற திட்டத்தை அவர் சபையில் வைத்தபோது அவர் தங்க வயல் உறுப்பினர். நாட்டின் முகத்தையே மாற்றிய அந்தத் திட்டத்தை வைத்தவர், பட்டியல் இல்லாத தொகுதியிலிருந்து வந்தவர் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். மூன்று ஆண்டில் பிரதமரும் ஆனார்.

இன்னொருவர் சார்லஸ் ஓ'நீல், ஸ்காட்லாந்தில் பிறந்த பொறியாளர், கத்தோலிக்கர். இவர்தான் பின்னாளில் வின்சென்ட் தே பவுல் சபையை ஆஸ்திரேலியாவில் வேரூன்ற வைத்தவர். நம்மூர்ப் பங்குக் கோயில்களில் ஏழைகளுக்கு அரிசி கொடுக்கிற அதே சபை. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1900-ல் சிட்னியில் இவர் கையில் காசில்லாமல்தான் இறந்தார்.

1870-ல் தங்க வயல் தொகுதிகளை எடுத்துவிட்டார்கள். துவாபெக்கா, டன்ஸ்டன், வாகாட்டிப்பு என்று சாதாரணத் தொகுதிகள் வந்தன.

ஐந்தாம் நாள்: ஆரோடவுன்

தெருவின் இரண்டு பக்கமும் மரங்கள் பொன்னிறம். பேருந்து பேருந்தாகக் கூட்டம். நாங்கள் நேராக ஆற்றோரம் போய்விட்டோம். இந்த ஆற்றில் முதலில் தங்கம் கண்டவர்களில் ஜாக் தேவா என்ற மாவோரி ஒருவர் உண்டு, மாவோரிகள் இந்நாட்டின் ஆதிக்குடிகள். 1844-ல் ஒட்டாகோ நிலத்தை ங்காய் தாஹு என்ற மாவோரிக் குலத்தாரிடமிருந்து 2,400 பவுண்டுக்கு வாங்கினார்கள். மாவோரிகள் நிலத்தைக் கூட்டாக வைத்திருந்ததால் தனி ஆளின் சொத்து என்று காட்ட முடியாமல் பெரும்பாலோருக்கு ஓட்டே இல்லாமல் போயிற்று. 1867-ல் அவர்களுக்கு நான்கு இடம் ஒதுக்கினார்கள், அதுவும் இதே போர்வை முறைதான், இருக்கிற தொகுதிகளின் மேல் விரித்தது. தோண்டுகிறவர்களுக்குச் செய்ததை இங்கேயும் செய்யலாம் என்று முன்மாதிரி காட்டியே பேசினார்கள். வரலாற்றின் போக்கைப் பாருங்கள், அதற்கப்புறம் மூன்றே ஆண்டில் தங்க வயல் தொகுதி போய்விட்டது, மாவோரி இடங்கள் இன்றும் இருக்கின்றன, ஏழாகியிருக்கின்றன.

ஆற்றோரம் போனதற்குக் காரணம் சீனர் குடியிருப்பு. மேற்குக் கரைக்கு ஆட்கள் போய்விட்டதால், விட்டுப்போன மண்ணைத் திரும்பச் சலிக்க ஆள் வேண்டும் என்று டனீடின் வணிகர்கள் விக்டோரியாவிலிருந்து சீனர்களை அழைத்தார்கள். 1866-ல் வரத் தொடங்கினார்கள். அழைத்துத்தான் வந்தார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். லாரன்ஸில் அவர்களை ஊருக்கு வெளியேதான் இருக்க விட்டார்கள், அங்கே ஒரு பெரிய முகாமே இருந்தது. இங்கேயும் ஊருக்குக் கீழே, வெயில் சீக்கிரம் மறைகிற பள்ளத்தில். பாறையை ஒட்டி நாலைந்து குடிசைகள், கல்லும் மண்ணும் தகரமும். நான் உள்ளே குனிந்து நுழைந்தபோது தலை இடித்தது. ஒரு ஆள் படுக்கலாம், ஒரு அடுப்பு எரியலாம், அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளி ஆ லம் என்பவரின் கடை இன்னும் நிற்கிறது. கடை மட்டுமில்லை அது, கடிதம் எழுதித் தருகிற இடம், பணம் ஊருக்கு அனுப்புகிற இடம், பேச்சுத் துணை கிடைக்கிற இடம்.

அவர்களும் அதே ஒரு பவுண்டு கொடுத்து அதே உரிமைச் சீட்டை வாங்கினார்கள். ஆனால் பிரிட்டிஷ் பிரஜையாக இருந்தால்தான் ஓட்டு. குடியுரிமை வாங்கின ஒரு சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அந்தத் தாள் தோண்டுவதற்கு மட்டும்தான் செல்லும். லாரன்ஸில் கண்ணாடிக்குள் பார்த்த அந்தத் தாளை நினைத்துக்கொண்டேன். பீட்டர்ஸ் பம்பாய்க்காரர், சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜை. ஒரு பவுண்டு சீட்டு கையில் இருந்திருந்தால் சட்டம் அவரைத் தடுத்திருக்காது. நாம் அடிமைப்பட்டிருந்ததாலேயே நம் ஆளுக்கு ஒரு கதவு திறந்திருந்தது, யாருக்கும் அடிமையாகாத சீனருக்கு மூடியிருந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை, அப்போதிலிருந்து மனதில் உருண்டுகொண்டே இருக்கிறது.

1881-ல் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு தலைவரி போட்டார்கள். 1896-ல் அதை 100 ஆக்கினார்கள். 1944-ல்தான் அந்தச் சட்டம் முழுதாகப் போனது. 2002 பிப்ரவரியில் பிரதமர் ஹெலன் கிளார்க் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

பேத்தி ஒரு குடிசை வாசலில் உட்கார்ந்து இலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இவங்க பேரெல்லாம் எங்கே எழுதியிருக்கு ஆச்சி?" என்று கேட்டாள். வரி வாங்கின கணக்கில் இருக்கும் என்றேன். மேலே ஓட்டுப் போட்ட ஐரிஷ்காரன், கார்ன்வால்காரன் பெயர் எங்கே இருக்கும் என்று அடுத்துக் கேட்டாள். அதற்குப் பட்டியலே போடவில்லையே. ஆயிரமாயிரம் பேர் வாய்விட்டு ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், சொல்லப்பட்ட பெயர்தான் புத்தகத்தில் நின்றது, சொன்னவர்கள் பெயர் நிற்கவில்லை.

ஆறாம் நாள்: மறுபடி டனீடின்

நேற்று இரவு நேரம் கழித்து வீடு வந்து சேர்ந்தோம். காலையில் துணி துவைக்கிற வேலை. மத்தியானம் மகளிடம், இங்கே வாக்காளர் பட்டியலைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். நூலகத்தில் அச்சுப் பிரதி இருக்கும், பார்க்கலாம் என்றாள்.

அவளும் மாப்பிள்ளையும் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆனால் இந்த நாட்டில் நிரந்தர வாழ்வுரிமை இருந்து ஓராண்டு குடியிருந்தால் குடியுரிமை இல்லாமலே ஓட்டுப் போடலாம், 1975-லிருந்து அப்படி. போன தேர்தலில் இருவரும் வேலை முடிந்து வரும் வழியில் போட்டுவிட்டு வந்தோம் என்று போனில் சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பேன்.

நூலகத்தில் தடிமனான புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். டனீடின் தொகுதி. அகர வரிசை. சின்ன எழுத்து, என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விரலை வைத்துத் தேடினேன். மக்டொனால்டுகள் பக்கம் பக்கமாக, அதன் நடுவே ஒரு சீனப் பெயர், ஒரு சமோவாப் பெயர், அப்புறம் ஒரு பட்டேல். இன்னும் சில பக்கம் தாண்டி, என் வீட்டுக்காரர் பெயரை இனிஷியலாக இல்லாமல் முழுசாகப் பின்னால் வைத்துக்கொண்டு, என் மகள்.

பூத்தில் வாசிக்கிற மாதிரி அந்த வரியைச் சத்தமாக வாசித்தேன். பக்கத்து மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மகள் என் தோளைத் தொட்டு, "அம்மா, மெதுவா" என்றாள். நான் இன்னொரு தரம் வாசித்தேன்.